பூவாயி அம்மையார் காத்த அடுப்பு

காவிரி கடலை நெருங்கும் திருக்கொன்றைக்காட்டில், கொன்றைநாதர் கோயில் பசுமடத்தில் சாணம் அள்ளிப் பிழைத்து வந்தார் பூவாயி அம்மையார். விடியுமுன் தொழுவத்தைக் கழுவிவிட்டு, வாசலில் நின்று கோபுரத்தை நோக்கிக் கும்பிடுவார். கையில் சாண வாடை இருக்கிறதென்று கோயிலுக்குள் போகமாட்டார். “அங்கேருந்தே பாத்துக்க சாமி” என்பதுதான் அவர் அறிந்த தோத்திரம்.

பெட்ரோல் விலை ஏறி உலகமே கலங்கியிருந்த காலம் அது. தூரதேசங்கள் சில, தங்கள் மக்களின் வரிப்பணத்தில் ஒரு பங்கைச் சேர்த்து மாற்று எரிசக்தி ஆராய்ச்சிக்கென்று அனுப்பின. அந்த உதவியில் பசுமடத்தின் பின்னால் ஒரு சாண எரிவாயுக் கலன் எழுந்தது. அந்த நாட்களைப் பேசத் தொடங்கினால் ஊர்ப் பெரியவர்களுக்கு இன்றும் முகம் மலர்ந்துவிடும். ஜீப்பின் பின்னால் பிள்ளைகள் ஓடியதும், கலனைப் பார்க்க வந்த வெள்ளைக்காரர்கள் சம்மணமிடத் தெரியாமல் இலைமுன் தவித்ததும் அவர்கள் கண்ணிலேயே நிற்கின்றன.

முதன்முதலாக நீலச் சுடர் எரிந்தபோது அம்மையார் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

“என் அய்யனுக்கு ஒரு நாளாச்சும் இதுல சோறு பொங்கணும்.”

அருகில் நின்ற சபேச குருக்கள் சிரித்துவிட்டார். “சாணி அடுப்புல சுவாமிக்கு நைவேத்தியமா? நன்னாயிருக்கு போ!”

சில ஆண்டுகளில் எண்ணெய் விலை இறங்கியது. தேசங்களின் அக்கறையும் தணிந்தது, பணம் நின்றது. கலனைக் கட்டி நடத்திவந்த பொறியாளர் ஞானப்பிரகாசம் அம்மையாரிடம் கண்கலங்க விடைபெற்றார்.

“இனிமே சம்பளம் வராதும்மா. தெனமும் சாணம் கரைச்சு ஊத்தலைன்னா இது செத்துரும். என்ன செய்யறது?”

“பசிக்கிற வயித்தை எப்படிங்கய்யா பட்டினி போடுறது? நான் ஊத்துறேன்.”

பகலில் நடவுக்குப் போனார். விடியலில் சாணம் கரைத்தார். காய்ச்சல் கண்ட நாளிலும் தவறவில்லை. “வெள்ளைக்காரனே விட்டுட்டுப் போயிட்டான், இவ விடமாட்டேங்கிறாளே” என்று ஊர் நகைத்தது. அம்மையார் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

ஓர் ஐப்பசியில் பெருவெள்ளம் வந்தது. அன்னாபிஷேகத்தன்று மடைப்பள்ளி விறகெல்லாம் நனைந்து, அடுப்புப் பற்றவேயில்லை. சோற்றால் மூடவேண்டிய திருமேனிக்கு ஒரு பிடி சோறில்லை. தவிப்போடு குருக்கள் சுவாமிக்கு நீராட்டினார். அப்போது லிங்கத் திருமேனியில் ஈரச் சாணம் படிந்த கைத்தடம் ஒன்றைக் கண்டார். யாரும் உள்ளே வந்திருக்கவில்லை. எத்தனை குடம் ஊற்றியும் அது கரையவில்லை.

அது யார் கை என்று குருக்களுக்குப் புரிந்தது. இடுப்பளவு நீரில் இறங்கி, மேட்டிலிருந்த பசுமடத்துக்கு நடந்தார்.

“பூவாயி, உன் அடுப்பு எரியறதா?”

“எரியுது சாமி.”

“பசுஞ்சாணத்துச் சாம்பலைத்தானே நெத்தி நிறையப் பூசிண்டிருக்கேன். அதை மறந்துட்டேனேம்மா!”

பானை பானையாகச் சோறு பொங்கியது. அம்மையாரை விட்டுவிட்டு உள்ளே போகக் குருக்கள் மறுத்துவிட்டார்.

“கை நாறுது சாமி” என்று அவர் வாசலிலேயே தயங்கினார்.

“அந்த வாசனைதாம்மா இப்போ கர்ப்பகிருகத்துலேயும் இருக்கு. வா.”

வெள்ளை அன்னத்தில் பொலிந்த ஈசனை அன்றுதான் அம்மையார் அருகில் கண்டார். கும்பிடவும் தோன்றாமல் நின்றார்.

செய்தி தேசங்களை எட்டிற்று; உதவி மீண்டும் வந்தது; ஞானப்பிரகாசமும் திரும்பி வந்தார். யாருக்கும் வேண்டாத நாளில் அந்தச் சுடரை அணையவிடாத பூவாயி அம்மையாரின் திருப்பாதங்களை நாமும் பணிவோம்.