மூன்று கடலில் ஒரு ஜோடி

கொளத்தூரில் வண்ண மீன் கடைகளுக்குப் பஞ்சமில்லை. ஹெப்சிபாவின் கடையில் மட்டும் கடல் மீன்தான், வேறு மீன் கிடையாது. ஹெப்சிபாவுக்கு வயது முப்பத்தொன்று. ஒரு மாதம் மீன் இல்லாத தொட்டியில் வெறும் உப்புத் தண்ணீரை ஒழுங்காக வைத்துக் காட்டாதவருக்கு மீனைக் கண்ணில் காட்டுவாரே தவிர, கையில் தரமாட்டார். அதனால் அங்கே மீன் வாங்குகிறவர்கள் எல்லோரும், அவரைவிட இரண்டு மடங்கு வயதானவர்கள் உட்பட, அவரை டீச்சர் என்றுதான் கூப்பிட்டார்கள்.

வேதாசலம் அப்படி ஒரு மாணவர். வயது அறுபத்திரண்டு. முப்பத்துநாலு வருடம் எடை அளவு ஆய்வாளராக இருந்து, கடைக்காரர்களின் தராசைச் சோதித்து முத்திரை குத்தியவர். அவர் தெருவுக்குள் நுழைந்தாலே எடைக்கல்லெல்லாம் தானாகத் திருந்திவிடும் என்று அந்தக் காலத்தில் கேலி செய்வார்கள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, சாப்பாட்டுக் கூடையும் கையுமாகக் கடைக்கு வந்தார். உள்ளே சாப்பாடு இல்லை. உப்பு அளக்கும் மானிகள் மூன்றும், ஒரு பாட்டிலில் அவர் வீட்டுத் தொட்டித் தண்ணீரும் இருந்தன.

"டீச்சர், நாலாவதா ஒரு மானி வேணும். இருக்கிறதுலயே நல்லதாக் கொடுங்க."

"இந்த மூணுக்கும் என்ன ஆச்சு சார்?"

"மூணும் மூணு பேச்சு பேசுது. முள்ளு வச்ச டப்பா முப்பத்தொண்ணுங்குது. கண்ணுல வச்சுப் பாக்குற லென்ஸ் முப்பத்தேழுங்குது. இந்த பேட்டரி பேனா இருக்கே, அது வாய்க்கு வந்ததைச் சொல்லுது. எதைத்தான் நம்புறது?"

"மீன் எப்படி இருக்கு?"

வேதாசலத்தின் குரல் இறங்கிவிட்டது.

"பெரியவ மூலையில ஒதுங்கிட்டா. நாலு நாளா ஒரு வாய் சாப்பிடல."

பெரியவள் என்றது கோமாளி மீன் ஜோடியில் பெண் மீனை. இது அவர் வாங்கிய மூன்றாவது ஜோடி. முதல் இரண்டும் ஒரு மாதம் தாங்கவில்லை. இதுவும் போனால் தொட்டியைக் கழுவித் துடைத்து அரிசி கொட்டி வைத்துவிடுவதாக அவர் மனைவி அகிலாண்டம் சொல்லியிருந்தார். அகிலாண்டம் சொன்னால் செய்துவிடுகிறவர். ஆனால் வேதாசலத்தின் கவலை அரிசி அல்ல. தினமும் காலையில் அவர் தலையைக் கண்டதும் அந்த மீன் கண்ணாடியோரம் வந்து நின்று வாலை ஆட்டும். நாலு நாளாக வரவில்லை. மனுஷர் ஆடிப்போயிருந்தார்.

"அளந்துட்டு என்ன செய்வீங்க?" என்று கேட்டார் டீச்சர்.

"காலையில டப்பாவுல பாப்பேன். உப்பு கம்மியாக் காட்டும். ரெண்டு கரண்டி கரைச்சு ஊத்துவேன். மத்தியானம் லென்ஸ்ல பாப்பேன். ஜாஸ்தியாக் காட்டும். கொஞ்சம் மொண்டுட்டு நல்ல தண்ணி ஊத்துவேன். சாயங்காலம் பேனா என்ன சொல்லுதோ, அதும்படி."

"தினமுமா?"

"ஒரு நாள் தவறினதில்ல," என்றார் பெருமையாக.

"அப்போ உங்க மீன் தினம் மூணு கடலுக்கு வீடு மாத்திக்கிட்டுப் போகுது."

பக்கத்தில் தீனி வாங்க நின்றிருந்தவர் சிரித்துவிட்டார். வேதாசலம் சிரிக்கவில்லை.

டீச்சர் அலமாரியிலிருந்து ஒரு சின்ன பாட்டிலை எடுத்து மேஜைமேல் வைத்தார்.

"இதுல உப்பு, கடல்ல இருக்கிற மாதிரியே, லிட்டருக்கு முப்பத்தஞ்சு கிராம். கூடவும் இல்ல, குறையவும் இல்ல. மானியைச் சோதிக்கிறதுக்குன்னே வர்ற தண்ணி. உங்க ஆளுங்க மூணு பேரையும் இதுல விசாரிங்க."

விசாரணை என்றதும் வேதாசலத்துக்குப் பழைய உத்தியோகம் திரும்பி வந்தது. சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு உட்கார்ந்தார். டப்பா முப்பத்திரண்டு என்றது. லென்ஸ் முப்பத்தெட்டு என்றது. பேனா முதலில் முப்பத்துமூன்று என்றது, மறுபடி கேட்டதற்கு முப்பத்தாறு என்றது.

"இந்த லென்ஸை வாங்கினப்போ சரி பார்த்தீங்களா சார்?"

"எதுக்கு? பெட்டி மேலயே 'சோதிக்கப்பட்டது'ன்னு சீல் ஒட்டியிருந்துச்சே."

சொல்லி முடித்த பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவருக்கு உறைத்தது. இதையே சொன்ன எத்தனை மளிகைக் கடைக்காரர்களை அவர் வெயிலில் நிற்க வைத்திருப்பார்! காது மடல் சூடானது. பிறகு அவரே வயிறு குலுங்கச் சிரித்தார்.

"முப்பத்துநாலு வருஷம் ஊரான் தராசைப் பிடிச்சேன். என் தராசை இன்னிக்குத்தான் பிடிச்சிருக்கேன் டீச்சர்."

லென்ஸின் தலையில் ஒரு குட்டித் திருகு இருந்தது. அதை மெல்லத் திருப்பி முப்பத்தைந்துக்குக் கொண்டுவந்தார். பிறகு வீட்டுத் தொட்டித் தண்ணீரில் ஒரு சொட்டு வைத்துப் பார்த்தார். முப்பத்துநாலு.

"ஒண்ணு குறையுது!"

அவர் கை உப்புப் பொட்டலங்கள் அடுக்கியிருந்த பக்கம் தானாகப் போனது.

"கையை எடுங்க சார்," என்றார் டீச்சர். "முப்பத்துநாலுலயும் மீன் நல்லா இருக்கும். மூணுல லென்ஸ் ஒண்ணுதான் திருத்தினா திருந்துது. அதை வச்சுக்கோங்க. மத்த ரெண்டும் என்கிட்ட இருக்கட்டும்."

"அப்போ புது மானி?"

டீச்சர் மேஜை டிராயரைத் துழாவி, எலக்ட்ரீஷியன் வயரில் சுற்றும் கறுப்பு டேப்பை எடுத்தார். விரல் நீளத்துக்குக் கிழித்து அவர் கூடையின் விளிம்பில் ஒட்டினார்.

"இதுதான். தண்ணி இப்ப நிக்கிற மட்டத்துல, கண்ணாடிக்கு வெளிப்பக்கம் ஒட்டுங்க. ஆவியாப் போறது தண்ணி மட்டும்தான், உப்பு உள்ளயேதான் கிடக்கும். தினம் காலையில இறங்கின அளவுக்கு நல்ல தண்ணி ஊத்துங்க. டேப்பைத் தொட்டதும் நிறுத்திடுங்க. அடுத்த ஞாயிறு வரைக்கும் உப்பும் வேண்டாம், லென்ஸும் வேண்டாம்."

வேதாசலம் அந்த டேப்பை முன்னும் பின்னும் பார்த்தார். கோடு இல்லை, எண் இல்லை, முத்திரையும் இல்லை. இதை நம்பியா ஒரு உயிரை ஒப்படைப்பது என்று தோன்றியது. ஆனாலும் டீச்சர் சொல்லை மீறிப் பழக்கமில்லை. எடுத்துக்கொண்டு போனார்.

திங்கட்கிழமை மீன் மூலையிலேயே கிடந்தது. செவ்வாய்க்கிழமையும் அப்படியே. வேதாசலம் தொட்டிக்கு முன்னால் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

"என்னங்க, சாமி கும்புடுறீங்களா?" என்று அகிலாண்டம் கேட்டுவிட்டுப் போனார்.

பத்து மணிக்குக் கடைக்குப் போன் வந்தது.

"டீச்சர், ஒரே ஒரு தரம் லென்ஸ்ல பாத்துக்கட்டுமா?"

"டேப் எங்க இருக்கு?"

"ஒட்டின இடத்துலதான்."

"தண்ணி?"

"டேப்புலதான் நிக்குது."

"போனை வைங்க சார்."

அடுத்த ஞாயிற்றுக்கிழமை, கடை ஷட்டர் பாதி ஏறும்போதே வேதாசலம் குனிந்து உள்ளே வந்துவிட்டார்.

"பெரியவ சாப்பிட்டா டீச்சர்! வியாழக்கிழமை மூலையை விட்டு வெளிய வந்தா. நேத்து சின்னவன் பங்கையும் சேத்துப் பிடுங்கித் தின்னுட்டா. இன்னிக்குக் காலையில என்னைப் பாத்ததும் கண்ணாடிகிட்ட வந்து..."

மீன் மாதிரியே கையை இப்படியும் அப்படியும் ஆட்டிக் காட்டினார். கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு நின்றது. டீச்சருக்கும் சந்தோஷம் தாங்கவில்லை, கடைப் பையனிடம் டீ வாங்கிவரச் சொன்னார்.

"லென்ஸ்ல என்ன காட்டுச்சு?"

"இன்னிக்குத்தான் பாத்தேன். முப்பத்துநாலு. போன ஞாயிறும் அதே, இன்னிக்கும் அதே."

டீயைப் பாதி குடித்ததும் அவருக்குள் இருந்த ஆய்வாளர் விழித்துக்கொண்டார். தம்ளரைக் கீழே வைத்தார்.

"எல்லாம் சரி டீச்சர், ஒண்ணு மட்டும் எனக்குப் புரியல. அந்த டேப்புக்கு உப்புன்னா என்னன்னே தெரியாது. ஒரு வாரமா அது எதைத்தான் அளந்துச்சு?"

"உப்புப் பக்கம் போகாம நிக்குதான்னு, உங்க கையை, சார்."