தீங்கில்லா முத்திரை

முன்னொரு காலத்தில், தன் வயிற்றைக் கேட்டுக் கட்டளை போடும் ராஜா ஒருவர் இருந்தார். வயிறு நிறைந்தால் வரி குறையும். வயிறு கெட்டால் சட்டம் பிறக்கும். ஒருநாள் புளி ரசம் குடித்துவிட்டு நாளெல்லாம் வாந்தி எடுத்தார். அவருக்கு முன்னால் ருசி பார்க்கும் ஆளும் பாயை விட்டு எழவில்லை. அரண்மனை வைத்தியர் நாடி பிடித்துப் பார்த்து, "வெளியிலிருந்து வாங்கிய ஏதோ ஒரு பொருளில்தான் கோளாறு" என்று மென்று விழுங்கினார். எந்தப் பொருள் என்று சொல்ல அவருக்குத் துணிச்சல் இல்லை.

உடனே ராஜா அவையைக் கூட்டினார். "எந்தத் தீங்கும் செய்ய முடியாத பொருளை மட்டுமே இந்நாட்டில் இனி விற்க வேண்டும். அரச முத்திரை இல்லாத எதுவும் என் மடைப்பள்ளிக்குள்ளும் வரக்கூடாது."

பண்டகசாலை அதிகாரி திருமேனிநாதர் முந்திக்கொண்டார். அவர் ராணிக்குச் சித்தப்பா. அரசவை விகடன் காளத்தியைக் கண்டாலே அவருக்கு ஆகாது. "மகாராஜா, காளத்தியின் கண்ணுக்கு எதுவும் தப்பாது. முத்திரை அவனிடமே இருக்கட்டும். அவன் முத்திரை குத்திய பொருளால் ஒருவருக்குக் கீறல் விழுந்தாலும் அவன் தலை போகட்டும்."

"நல்ல யோசனை" என்றார் ராஜா. மற்ற அதிகாரிகள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள்.

காளத்தி முத்திரையோடு வீட்டுக்கு வந்தான். அவன் மனைவி செங்கமலம் விஷயத்தைக் கேட்டுத் தலையில் கை வைத்தாள். "அந்தச் சனியன ஆத்துல வீசிட்டு வாங்க. தலை போச்சுன்னா தலப்பாவ எங்க வைப்பீங்க?"

"வீசினா மீன் மேல விழும். மீனுக்குக் காயம்னு அதுக்கும் என் தலையத்தான் கேப்பாங்க" என்றான். சொல்லிவிட்டானே தவிர, கை தானாகக் கழுத்தைத் தடவிப் பார்த்தது. உள்ளுக்குள் நல்ல பயம்தான்.

காலையில் கடைத்தெருவுக்குப் போனான். அரிவாள்மணைக் கடையில் குனிந்து, "இது வெட்டுமா?" என்று கேட்டான்.

"வெட்டாத அருவாமணைய வாங்கி என்னய்யா பண்ணுவாங்க?" என்றான் கடைக்காரன். முத்திரை இல்லை. மிளகாய் கண்ணில் பட்டால் எரியும். அம்மி காலில் விழுந்தால் நசுக்கும். எண்ணெய் சிந்தினால் வழுக்கும். விறகு எரியும். ஒன்றுக்கும் முத்திரை இல்லை.

மடைப்பள்ளியையும் ஒரு பார்வை பார்த்தான். புதிதாக வந்திருந்த பித்தளைப் பாத்திரங்களில் ஒன்றைக் கவிழ்த்துப் பார்த்தபோது அவன் புருவம் ஏறியது. உள்ளே ஈயப்பூச்சு இல்லை, பச்சைப்பசேலென்று களிம்பு. புளியைக் காய்ச்சினால் அந்தக் களிம்பு ரசத்தில் இறங்காமல் என்ன செய்யும்?

"இத வாங்கினது யாரு?"

"திருமேனிநாதர் அய்யாதான். ஈயம் பூசலையேன்னு கேட்டதுக்கு, ஒன் வேலையப் பாருடான்னுட்டாரு" என்றார் சமையற்காரர். ராணியின் சித்தப்பா மேல் நேராகப் பழி சொன்னால் யார் நம்புவார்கள்? காளத்தி பாத்திரத்தை இருந்த இடத்திலேயே வைத்தான்.

மதியம் ராஜா பசியோடு வந்து உட்கார்ந்தார். இலை போட்டார்கள். அதன்மேல் முழுப் பூசணிக்காய் ஒன்றை வைத்தார்கள்.

"என்ன இது?"

"வெட்டக் கத்தி தேறவில்லை, வேகவைக்க நெருப்பு தேறவில்லை, மகாராஜா" என்றான் காளத்தி. "இந்தப் பூசணிக்காயும் உருண்டு காலில் விழாதவரைதான் தீங்கில்லாதது."

"தண்ணீராவது கொடு."

"தண்ணீரில் மூழ்கிச் செத்தவர்கள் உண்டு. இன்னும் சோதித்துக்கொண்டிருக்கிறேன்."

"கட்டளையைக் கேலி செய்கிறான். தலையை வாங்குங்கள்" என்று குதித்தார் பக்கத்தில் நின்ற திருமேனிநாதர்.

"வெட்டுவது கத்தியின் வேலை, மகாராஜா. பிடி கழன்று காலில் விழுவது அதன் வேலையில்லை. வேலை செய்வதைத் தடுத்தால் நாடு பட்டினி. தன் வேலையல்லாததைச் செய்வதை மட்டும் தடுத்தால் போதும். தாங்கள் அனுமதித்தால் ஒரே ஒரு பொருளுக்கு இப்போதே முத்திரை குத்துகிறேன். அதற்காக அடுப்புக்கு மட்டும் அரை முத்திரை தருகிறேன்."

பசி மயக்கத்தில் ராஜா தலையாட்டினார். புதுப் பித்தளைப் பாத்திரத்தில் புளி ரசம் கொதித்தது. காளத்தி ஒரு கிண்ணத்தில் ஊற்றி, வணக்கத்தோடு திருமேனிநாதரிடம் நீட்டினான். "பாத்திரத்தைப் பார்த்து வாங்கியவர் தாங்கள். ஒரு வாய் குடித்தால் போதும், முத்திரை விழுந்துவிடும்."

திருமேனிநாதர் ஓரடி பின்வாங்கினார். "இன்று எனக்கு விரதம்."

"நாளைக்குக் குடிக்கலாமே" என்றார் ராஜா.

"நாளையும் விரதம்தான், மகாராஜா."

"அந்த விரதம் எப்போதுதான் முடியும்?" ராஜாவின் குரல் ஏறியது.

பயத்தில் திருமேனிநாதர் உளறிவிட்டார். "ஈயம் பூசின பிறகு."

ராஜா பாத்திரத்துக்குள் எட்டிப் பார்த்தார். பிறகு திருமேனிநாதரைப் பார்த்தார். அப்புறம் வந்த சிரிப்பில், நொந்திருந்த வயிறு இன்னொரு முறை நொந்தது.

"இனி இதுதான் சட்டம். எதை விற்றாலும், விற்பவனும் அவன் வீட்டாரும் முதலில் பயன்படுத்த வேண்டும். பண்டகசாலைக்கு வரும் பாத்திரத்தில் முதல் ரசம் திருமேனிநாதருக்கு."

காளத்திக்குப் பட்டாடையும் பொன்னும் கிடைத்தன. போக இருந்த தலையும் கழுத்திலேயே நின்றது. அதன்பின் அந்த அரண்மனைக்கு வந்த ஒவ்வொரு பாத்திரமும் முகம் பார்க்கலாம்போல ஈயம் பூசித்தான் வந்தது. திருமேனிநாதரும் விரதமே இருக்கவில்லை.