ஒரு மாநிலத்துக்கு ஒரு சோறு

இந்தக் கதையை எனக்கு முதலில் சொன்னது ஞானசெல்வம் அக்கா. போன தேர்தலுக்கு முந்தின தவக்காலத்தில், ஒரு சனிக்கிழமை, நாங்கள் இரண்டு பேரும் மாதா கோயில் தரையைக் கழுவிவிட்டு, ஈரம் காயட்டும் என்று படியில் உட்கார்ந்திருந்தபோது சொன்னாள். பொய் சொன்னால் நாக்கில் புண் வரும் என்று பயப்படுகிறவள் அவள். அதனால் இதை நடந்த கதை என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

புளியடிக்குறிச்சி என்று ஓர் ஊர். அங்கே அறிவாளிகள் அதிகம். அதனால்தான் ஊர் அப்படியே இருந்தது. அதிலும் பொறுக்கி எடுத்த அறிவாளிகள் மூன்று பேர். மூத்தவன் மூக்காண்டி. எதைக் கேட்டாலும் பதில் வைத்திருப்பான். கேள்வி முடிகிறவரைகூடக் காத்திருக்க மாட்டான். அடுத்தவன் பட்டுராசு. சந்தேகம் கேட்பதற்கென்றே பிறந்தவன். கடைசி ஆள் வடமலை. பாவம், நல்ல பிள்ளை. யார் என்ன சொன்னாலும் சொன்னபடியே செய்வான். அவனுக்கு இருந்த ஒரே வியாதி அதுதான்.

வடமலைக்கு அப்போது கல்யாண வயது. உரக்கடை திருமேனியின் மகள் அன்னமயிலுக்கு அவன்மேல் ஆசை. ஏன் என்று ஊரில் ஒருத்தருக்கும் விளங்கவில்லை. திருமேனிக்குச் சுத்தமாகப் பிடிக்கவில்லை.

"கழுத்துல அட்டை தொங்குற உத்தியோகக்காரனுக்குத்தான் பொண்ணு. முதல்ல அட்டை ஏறட்டும், அப்புறம் மாலை ஏறட்டும். இந்த மாசம் முடியிறவரை பாப்பேன். இல்லேன்னா தபால் ஆபீஸ் மாப்பிள்ளைக்கு வாக்குக் குடுத்துருவேன்" என்று சொல்லிவிட்டார்.

மாசம் முடிய ஒன்பது நாள் இருக்கும்போது, மாநிலத்துக்குத் தேர்தல் அறிவித்தார்கள். தேர்தலுக்கு முன்னால், யார் ஜெயிப்பார்கள் என்று கணித்துச் சொல்லும் கம்பெனி ஒன்று வந்தது. கம்பெனி என்றால் ஒரு கார், அதற்குள் சுகுமாரன் சார், அவர் காதில் ஒரு போன். அவ்வளவுதான். அவர் காரை விட்டு இறங்கிப் பார்த்தபோது, வேலை வெட்டி இல்லாமல் நின்ற மூன்று பேர் கண்ணில் பட்டார்கள். கையில் ஐம்பது படிவத்தைத் திணித்தார்.

"யார் ஆட்சிக்கு வரணும்னு ஜனங்ககிட்ட கேட்டு எழுதுங்க. நிச்சயமா ஓட்டுப் போடுறவங்களை மட்டும் கேளுங்க. வீட்லயே படுத்துக்கிடக்கிறவன் கருத்து நமக்கெதுக்கு? ஆறு மணிக்குப் போன் பண்ணுவேன். ஒழுங்கா செஞ்சா வேலை நிரந்தரம். அட்டை உண்டு."

அட்டை என்ற சொல் காதில் விழுந்ததும், வடமலையின் கண்ணுக்குள் அன்னமயில் மாலையோடு வந்து நின்றாள்.

பட்டுராசு சும்மா இருப்பானா? "சார், மாநிலத்துல கோடிக்கணக்குல ஜனம். இந்தக் கொஞ்சம் பேரைக் கேட்டா எப்படி சார் தெரியும்?"

"உங்க வீட்ல சோறு வடிக்கிறதில்லையா?" என்று சார் காரில் ஏறிக்கொண்டே கேட்டார். "பானைச் சோறு முழுசையுமா நசுக்கிப் பாக்குறாங்க? ஒரு பானை சோத்துக்கு ஒரு சோறு பதம். இதுவும் அதேதான். ஒரே பக்கமா அள்ளிராதீங்க, நல்லாக் கலந்து எடுங்க."

கார் போய்விட்டது. புழுதி அடங்கினதும் மூன்று பேரும் ஆலோசனைக்கு உட்கார்ந்தார்கள்.

"ஒரு சோறுன்னுதானே சொன்னாரு? பொறவு எதுக்கு அம்பது படிவம்?" என்றான் பட்டுராசு.

"சோதனைலே அது" என்றான் மூக்காண்டி. "அம்பது சோத்தை நசுக்கினா அது சோறா, கஞ்சியா? நமக்குக் கூறு இருக்கான்னு பாக்குறாரு."

மிச்சம் நாற்பத்தொன்பது படிவமும் டீக்கடைக்குப் போய், வடை மடிக்கப் பயன்பட்டது. கருத்துக் கணிப்பால் மக்களுக்கு ஒரு பிரயோஜனமும் இல்லை என்று யாரும் சொல்லிவிடக் கூடாது பாருங்கள்.

"அண்ணே, முதல்ல கலக்கணுமே" என்றான் வடமலை. அட்டை விஷயத்தில் அவன் ஒரு வார்த்தையைக்கூடத் தவறவிடத் தயாராக இல்லை.

ஊரைக் கலக்குவது என்றால் ஊர் ஓரிடத்துக்கு வர வேண்டும். அதற்குச் சிரமமே இல்லை. மூன்று பேர் கையில் காகிதத்தோடு சந்தைத் திடலில் நின்றார்கள். கால் மணி நேரத்தில், என்னவோ இலவசமாகத் தருகிறார்களாம் என்று மொத்த ஊரும் வந்துவிட்டது. மூக்காண்டி கருவேலங்காய் பறிக்கிற தொரட்டிக் கம்பை அகப்பை மாதிரி பிடித்துக்கொண்டு திடல் நடுவில் நின்றான்.

"கீழத்தெரு ஆளுக மேல வாங்க! மேலத்தெரு ஆளுக அடியில போங்க! சுத்துங்க, சுத்துங்க!"

சனம் சுற்றியது. எதற்கு நிற்கிறோம் என்று தெரியாமலே வரிசையில் நின்று பழகிய சனம், சுற்றுவதற்கா யோசிக்கும்?

"என்ன தர்றாகளாம் மதினி?"

"தெரியலையே. சுத்துனாத்தான் தருவாகளாம். முந்துங்க, பின்னால வாறவ இடிக்கா."

வேப்பமரத்து நிழலில் பத்துப் பேர் உட்கார்ந்திருப்பதை வடமலை பார்த்துப் பதறிவிட்டான். "அண்ணே! அடிப்பிடிச்சிருச்சு!" உடனே தொரட்டியைக் கொண்டுபோய், அந்தப் பத்துப் பேரையும் சுரண்டி எடுத்துக் கூட்டத்தில் சேர்த்தார்கள்.

வெயில் ஏறினதும் கலக்கியது போதும் என்று தீர்மானித்து, நிச்சயமாக ஓட்டுப் போடுகிற ஆளைத் தேடினார்கள். வடமலை ஒவ்வொருத்தராகக் கேட்டான்.

"நிச்சயமா ஓட்டுப் போடுவீங்களா?"

"உசுரோட இருந்தா போடுவேன் ராசா."

"நிச்சயம் இல்லை" என்று தள்ளினான் மூக்காண்டி.

"சாமி விட்ட வழி."

"தள்ளு."

"யாராவது வண்டி வச்சுக் கூட்டிட்டுப் போனா வருவேன்."

"வண்டி நிச்சயமா? இல்லை. தள்ளு."

இப்படியே மொத்த ஊரும் தள்ளுபடி ஆனது. கடைசியில் ஓரமாக ஒரு குரல் கேட்டது. "நான் போடுவேன்வே! நாப்பது வருசமா ஒரு தேர்தல் விட்டதில்ல. காய்ச்சல்ல போயிருக்கேன், மழையில போயிருக்கேன். வானமே இடிஞ்சு விழுந்தாலும் என் ஓட்டு விழும்!"

உரக்கடை திருமேனி. இலவசம் வாங்க அவர் வரவில்லையாம். யார் யார் வாங்குகிறார்கள் என்று பார்க்க, கடையைப் பூட்டிவிட்டு வந்தாராம்.

"இதுதாம்லே நம்ம சோறு!" என்றான் மூக்காண்டி. "நசுக்கு."

வடமலை ஓரடி பின்வாங்கினான். "அண்ணே, அவரு எனக்கு மாமனாரு ஆகப்போறவரு."

"சோத்துக்கு ஏதுலே சொந்தம்? உனக்கு அட்டை வேணுமா, வேண்டாமா?"

"எங்க நசுக்கணும்?" என்று பட்டுராசு சந்தேகம் கேட்டான்.

"சோத்தை எங்க நசுக்குவாக? நடுவுல."

திருமேனிக்கு நடு என்பது கொஞ்சம் விசாலம். வடமலை அவர் முன்னால் போய், மனசுக்குள் எல்லாச் சாமியையும் கும்பிட்டுக்கொண்டு, "மாமா, கோவிச்சுக்கிடாதீங்க" என்று பெருவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் தொப்பையைப் பிடித்து ஒரு நசுக்கு நசுக்கினான்.

"ஐயோ! கொல்லுதானே!"

"வெந்திருச்சா?" என்றான் மூக்காண்டி.

"மேல மெத்துனு இருக்குண்ணே. உள்ள கெட்டியா இருக்கு."

"நடு அரிசி வேகல. இன்னும் அரை மணி நேரம் விடணும்."

"மூடி போடாம எப்படி வேகும்?" என்றான் பட்டுராசு. வாழ்நாளில் அவன் கேட்ட நல்ல கேள்வி அது ஒன்றுதான். பக்கத்தில் கோழியை மூடிவைக்கிற பெரிய கூடை, பஞ்சாரம், கிடந்தது. திருமேனியை வெயிலில் உட்காரவைத்து, பஞ்சாரத்தைக் கவிழ்த்து, மூன்று பேரும் அதன்மேல் சாய்ந்துகொண்டார்கள். உள்ளே அவர் போட்ட சத்தத்துக்கு ஊர் ஓடிவந்து காப்பாற்றியிருக்கும். ஆனால் ஊருக்கு அப்போது வேறு கவலை.

"பஞ்சாரம்தான் இலவசம் போல. உரக்கடைக்காரருக்கு மட்டும் முதல்ல குடுத்துட்டாக பாத்தியா? எங்களுக்கு எங்கலே?"

அரை மணி கழித்து மூடியைத் திறந்தார்கள். திருமேனி செக்கச்செவேல் என்று, தலையில் கோழிச் சிறகோடு எழுந்தார்.

"ஆவி பறக்குது! வெந்திருச்சு!" என்று குதித்தான் மூக்காண்டி.

வடமலை படிவத்தை நீட்டி மரியாதையாகக் கேட்டான். "மாமா, ஆட்சிக்கு யாரு வரணும்?"

"உங்க மூணு பேரையும் ஒரு கழுதை வந்து ஆளலாம்டா! கழுதைக்குத்தான் என் ஓட்டு! ஏய் வடமலை, நாளான்னைக்குத் தபால் ஆபீஸ்காரங்க பொண்ணு பாக்க வாராங்க. என் வாசப்படியை மிதிச்சே, காலை ஒடிச்சிருவேன்!"

வடமலைக்குக் கண் கலங்கியது. ஆனாலும் கடமை கடமைதானே. கண்ணீர் படாத இடமாகப் பார்த்து எழுதினான்: கழுதை, நூற்றுக்கு நூறு.

ஆறு மணிக்குப் போன் வந்தது.

"நூத்துக்கு நூறா? யாருக்கு?" என்றார் சுகுமாரன் சார்.

"கழுதைக்கு சார்."

அந்தப் பக்கம் பேனா கிறுக்குகிற சத்தம் கேட்டது. "ஏதோ சுயேச்சைச் சின்னம் போல. பாக்க நேரமில்ல, டிவிக்காரங்க காத்திருக்காங்க. நூறுன்னா எவனும் நம்ப மாட்டான். தொண்ணூத்தொன்பதுன்னு போட்டுருவோம். நாம நேர்மையான கம்பெனி."

ஏழு மணிக்கு டிவியில் கழுதை அலை அடித்தது. படித்தவர்கள் நான்கு பேர் மேஜை போட்டு உட்கார்ந்து ஆராய்ந்தார்கள். இதை ஆறு மாதத்துக்கு முன்பே சொன்னேன் என்றார் ஒருவர். கழுதைக்குப் பெண்கள் ஆதரவு அதிகம் என்றார் இன்னொருவர். கழுதை தனித்து நிற்குமா, கூட்டணி சேருமா என்று மூன்றாமவர் கவலைப்பட்டார். நான்காமவர் தலையை மட்டும் ஆட்டினார். அவர்தான் எல்லோரிலும் அதிகம் படித்தவராம். மறுநாள் வேறொரு கம்பெனி இதைக் கடுமையாக மறுத்தது. அவர்கள் விஞ்ஞானமுறையில் எடுத்ததில் கழுதைக்குத் தொண்ணூற்றெட்டுதானாம்.

தொப்பைக்குத் தைலம் தேய்த்துக்கொண்டு டிவி பார்த்த திருமேனிக்குக் கை நின்றுவிட்டது.

"ஏ அன்னமயிலு! இது நான் சொன்னதுல்லா? மாநிலமே என் வார்த்தையைச் சொல்லுதே!"

அன்னமயில் நிதானமாகக் கேட்டாள். "நாப்பது வருசமா ஓட்டுப் போடுறீகளே அப்பா, ஒருத்தராவது உங்க கருத்தைக் கேட்டிருக்காகளா? தபால் ஆபீஸ்காரரு கேட்டாரா?"

திருமேனி யோசித்தார். "இல்லையே. இந்தப் பய ஒருத்தன்தான் வயித்தை நசுக்கியாவது கேட்டான்."

தபால் ஆபீசுக்கு வரவேண்டாம் என்று தபாலே போனது.

மூன்றாம் நாள் சுகுமாரன் சார் காரில் பாய்ந்து வந்தார். "ஒருத்தனைக் கேட்டா போதுமாய்யா? இனிமே ஒண்ணு விடாம, ஒவ்வொண்ணாக் கேளுங்க! தனித்தனியாக் குறிச்சு வைங்க! முழுசாத் தெரியாம முடிவு சொல்லாதீங்க!" என்று தொண்டை கட்டுகிறவரை திட்டினார். திட்டி முடித்து, அட்டையை வடமலை கழுத்தில் மாட்டிவிட்டார். கழுதை வந்த அன்றைக்குத்தான் அந்த டிவியை அதிகம் பேர் பார்த்தார்களாம். அடுத்த கணிப்புக்கும் புளியடிக்குறிச்சிதான் வேண்டும் என்று கேட்டார்களாம்.

மாசம் முடிவதற்குள் கல்யாணம். தாலி ஏறியது. மாலைக்கு மேலே அட்டை தொங்கியது. பந்தியில் முந்நூறு பேர் இலை முன்னால் உட்கார்ந்துவிட்டார்கள்.

"மாப்பிள்ளை, சோறு பதமான்னு ஒரு எட்டு பாத்துச் சொல்லுங்க, பரிமாறிருவோம்" என்றார் திருமேனி.

வடமலை போனான். அவன் பின்னால் மற்ற இரண்டு பேரும் போனார்கள். அரை மணி ஆனது, ஒரு மணி ஆனது. இலை சுருண்டது. பந்திக்காரர்கள் ஊறுகாயைத் தின்று முடித்துவிட்டார்கள். திருமேனி சமையல் கொட்டகைக்கு ஓடினார்.

அங்கே அண்டாவுக்குப் பக்கத்தில் பட்டுப் பாயை விரித்து மாப்பிள்ளை சம்மணம் போட்டிருந்தான். மூக்காண்டி ஒவ்வொரு சோறாக எடுத்து நீட்ட, வடமலை நசுக்கிப் பார்க்க, பட்டுராசு நோட்டில் குறித்துக்கொண்டிருந்தான்.

"அவசரப்படுத்தாதீங்க மாமா" என்றான் வடமலை. "இதுவரைக்கும் எண்ணூத்திப் பதினாலு கேட்டிருக்கோம். வெந்தது எழுநூத்தி நாப்பது. வேகாதது அறுபத்திரெண்டு. பன்னெண்டு மட்டும் கருத்துச் சொல்ல மாட்டேங்குது. அதுகளைப் பஞ்சாரம் போட்டு மூடி வச்சிருக்கோம்."

சரி, சிரித்தது போதும். என் அடுப்பிலும் சோறு கொதிக்கிறது, எனக்கு மூட்டுவலி, எழுந்திருக்க முடியவில்லை. ஒரு சோறு எடுத்துப் பதம் பார்த்துச் சொல்லுங்களேன்.