நானூறு ரூபாய் எத்தனால்

கோவைப் பந்தய மைதானத்தில், டர்போ கார்களுக்கு ட்யூனிங் செய்யும் தவமணியைச் பந்தயச் சங்கத் தலைவர் ரத்தினசபாபதி மைக்கில் மேடைக்குக் கூப்பிட்டு நிறுத்தினார்.

"கார்களுக்கு ஊத்த நான் வித்தது அசல் எத்தனால், லிட்டர் நானூறு ரூபாய். மூணு எஞ்சின் போனது உன் ட்யூனிங்காலதான். எல்லார் முன்னாலயும் மன்னிப்புக் கேளு, இல்லைன்னா இனி இங்க கால் வைக்காதே."

"ஒரு வாய் தண்ணி குடிச்சுக்கறனுங்க."

பாதி பாட்டிலைக் குடித்தாள். மீதியில் அவர் விற்ற எரிபொருள் கேனிலிருந்தே ஊற்றிக் குலுக்கி மேசைமேல் வைத்தாள்.

"எத்தனால்னா தண்ணியில கலந்துரோணும்ங்க."

கலக்கவில்லை. பெட்ரோல் தனியாக மேலே மிதந்தது.

"எத்தனாலுக்குன்னு நான் ஏத்தின டர்போ அழுத்தத்தை இந்தப் பெட்ரோல் தாங்குமாங்க? எஞ்சின் போகாம என்ன பண்ணுமுங்க?"

எஞ்சின் போன கார்க்காரர்கள் மேடையை நெருங்கினார்கள். தலைவர் குடிக்கத் தண்ணீர் கேட்டார்.

தவமணி அதே பாட்டிலை நீட்டினாள்.