கெண்டியின் வயிற்றில் ஐந்து வௌவால்

வௌவால்கள் பகலில் பறந்து, மனிதரோடு வாய்விட்டுப் பேசிக்கொண்டிருந்த அந்தக் காலத்தில், சீன தேசத்து ஏரிக்கரை ஊர் ஒன்றில் லூ ஷென் என்ற குயவன் இருந்தான். அந்த ஊர்க் குன்றில் கிடைக்கும் ஊதா நிற மண், சூளையில் வெந்தால் கல்லாக இறுகிவிடும். அதில்தான் அவன் தேநீர்க் கெண்டிகள் செய்தான். மனைவி போய்ச் சேர்ந்துவிட்டாள். சுன்யா என்ற ஒரே மகள்தான் அவனுக்கு எல்லாம்.

அவனுடைய சூளைக்குள், புகைபோக்கியின் வெடிப்பில், ஒரு வௌவால் ஐந்து குட்டிகள் ஈன்றது.

"அண்ணா, ஏழு நாளைக்குச் சூளை மூட்டாதே" என்றது தாய் வௌவால். "வெடிப்பு ரொம்பக் குறுகல். குட்டிகளைச் சுமந்துகொண்டு என்னால் வெளியே வர முடியாது. அவற்றுக்கே இறக்கை வலுக்க வேண்டும்."

"மூட்டமாட்டேன் தங்கச்சி. நீ தைரியமாக இரை தேடப் போ" என்றான் லூ ஷென்.

மூன்றாம் நாள் சிற்றரசனின் அதிகாரி குதிரையில் வந்து இறங்கினான். அரண்மனைக் கல்யாணத்துக்கு நாற்பது கெண்டிகள் வேண்டும், மூன்றே நாளில். தவறினால் சுன்யாவை அரண்மனைப் பணிக்கு இழுத்துப் போவார்கள்.

லூ ஷென் அவன் காலில் விழுந்தான். "ஐயா, நான்கு நாள் பொறுங்கள். சூளைக்குள் வௌவால் குட்டிகள் இருக்கின்றன."

அதிகாரி சிரித்தான். சிரித்தபடியே குதிரை ஏறிப் போய்விட்டான்.

"நான் போகிறேன் அப்பா" என்றாள் சுன்யா. "நீங்கள் வாக்குக் கொடுத்திருக்கிறீர்கள்."

அன்று இரவு அவன் சோற்றைத் தொடவில்லை.

மறுநாள் காலை, தாய் வௌவால் ஏரிப்பக்கம் போனதும், ஏற்கெனவே வனைந்து காயவைத்திருந்த கெண்டிகளைச் சூளைக்குள் அடுக்கினான். விறகை வைத்துவிட்டு, தலையை உள்ளே நுழைத்துக் கூப்பிட்டான்.

"பிள்ளைகளா! எப்படியாவது வெளியே வந்துவிடுங்கள்!"

இருட்டிலிருந்து சின்னக் குரல்கள் கேட்டன. "எங்களுக்கு இன்னும் பறக்கத் தெரியாதே மாமா. அம்மா வந்துவிட்டாளா?"

அவன் தலையை வெளியே எடுத்தான். தீயை வைத்தான். இரண்டு காதையும் பொத்திக்கொண்டு மண்ணில் குப்புற விழுந்தான்.

தாய் திரும்பி வந்தபோது புகைபோக்கியிலிருந்து தழல் எழுந்துகொண்டிருந்தது. அது புகைபோக்கியைச் சுற்றிச் சுற்றிப் பறந்து கத்தியது. கத்தக் கத்தக் குரல் மெலிந்து, கூர்மையாகி, கடைசியில் மனிதக் காதுக்கு எட்டாமலே போயிற்று. வாய் மட்டும் திறந்திருந்தது. பிறகு அது அவனைப் பார்க்காமல், ஏரிக்கு அப்பால் இருந்த குகைக்குள் போய் மறைந்தது.

கெண்டிகள் அருமையாக வெந்திருந்தன. விரலால் சுண்டினால் மணிபோல ஒலித்தன. அதிகாரி ஒன்றில் தேநீர் ஊற்றிக் குடித்துப் பார்த்தான். அவனுக்குப் பரம திருப்தி.

"கல்யாணப் பந்தியில் இதிலிருந்து ஊற்றுவதற்கு, இந்த மண்ணைப் பழகிய கைதான் வேண்டும்" என்று சொல்லி, சுன்யாவையும் வண்டியில் ஏற்றினான்.

"அப்பா!" என்று அவள் ஒரு முறைதான் கூப்பிட்டாள். வண்டி வளைவில் திரும்பிவிட்டது. அவள் திரும்பி வரவேயில்லை.

சூளைச் சாம்பலை லூ ஷென் கையாலேயே அரித்தான். எலும்பென்று சொல்லக்கூட எதுவும் மிஞ்சவில்லை. புதைப்பதற்கு ஒன்றுமில்லாததால், புது மண் பிசைந்து ஒரு கெண்டி வனைந்து, அதன் வயிற்றில் விரித்த இறக்கைகளோடு ஐந்து குட்டிகளைச் செதுக்கினான். அடுத்த கெண்டியிலும் செதுக்கினான். சாகும்வரை வேறெதையும் அவன் செதுக்கவில்லை.

அந்தத் தேசத்து மொழியில் வௌவாலுக்கும் பாக்கியத்துக்கும் ஒரே ஒலிதான். வாங்க வந்தவர்கள், "ஐந்து வௌவாலா! ஆயுள், செல்வம், ஆரோக்கியம், நற்குணம், நல்ல சாவு என்று ஐந்து பாக்கியமும் வீட்டுக்கு வந்த மாதிரி" என்று மகிழ்ந்தார்கள். அவன் அடுத்த கெண்டிக்கு மண் பிசைந்தான்.

வௌவால் மனிதன் முகத்தைப் பார்க்கப் பிடிக்காமல் தலைகீழாகத் தொங்குவதும், வெளிச்சம் போன பிறகே வெளியே வருவதும், அந்த ஊர்க் குயவர்கள் கெண்டியில் ஐந்து வௌவால் செதுக்குவதும் அன்று தொடங்கியவைதான்.