மடைமூக்கனுக்கு நாற்பது பக்கம்

"டீச்சர், ஒரு பூதத்துக்கு எத்தனை பக்கம் எழுதலாம்?"

மாசிலாமணி இப்படிக் கேட்டபோது அவருக்கு அறுபத்தொரு வயது. டீச்சர் கோமதிக்கு முப்பது.

பாளையங்கோட்டையில் கோமதிக்கு ஒரு கண்ணாடிக் கடை. அதன் மாடியில்தான் ஞாயிறு மதியங்களில் மேசைக் கதை விளையாட்டு நடக்கும். ஒருவர் கதையை நடத்துவார். மற்றவர்கள் கதைக்குள் வரும் ஆட்களாக மாறி, என்ன செய்கிறோம் என்று வாயால் சொல்வார்கள். நடக்குமா நடக்காதா என்பதைப் பகடை சொல்லும்.

கதை நடத்த மாசிலாமணிக்குக் கற்றுக்கொடுத்தவர் கோமதி. அதனால் டீச்சர்.

"இப்ப எத்தனை பக்கம் இருக்கு அண்ணாச்சி?"

"நாப்பது."

"உங்க விளையாட்டு விதிநூல் மொத்தமுமா?"

"மடைமூக்கனுக்கு மட்டும்."

மாசிலாமணி முப்பது வருஷம் பொதுப்பணித் துறையில் குளத்து மடைகளை அளந்து எழுதியவர். மடைக்குள்ளிருந்து வரும் அந்தப் பூதத்தையும் எட்டு வருஷமாக அதேபோல அளந்து எழுதியிருந்தார். உயரம், எடை, உண்பது, உறங்குவது, மூக்கின் நீளம்.

விளையாடுகிறவர்கள் ரசிக்கட்டும் என்று ஆளுக்கொரு நகல் எடுத்து, பைண்டிங் செய்தும் கொடுத்திருந்தார்.

"பயப்படுவாங்கன்னு நினைச்சேன். நான் 'தண்ணி சலசலக்குது'ன்னு வாய் திறந்ததும் காஜா பக்கத்தைப் புரட்டி, 'இருபத்தெட்டாம் பக்கம், புளியங்கொட்டைப் புகைக்கு ஓடிரும்'ங்கான். புகை போட்டாங்க. ஓடிருச்சு."

"அப்புறம்?"

"மறுவாரம் எல்லாத்தையும் விட்டுட்டு மூணே வரி. பலம் இவ்வளவு, அடி இவ்வளவு, உயிர் இவ்வளவு. பகடையை உருட்டி நாலு நிமிஷத்துல கொன்னுட்டு டீ குடிக்கப் போயிட்டாங்க. அது பேரைக்கூட யாரும் கேக்கலை டீச்சர்."

அவர் குரல் இறங்கியது.

"செவ்வாய்க்கிழமை அச்சகத்துக்குக் குடுக்கணும். எதைக் குடுக்க? நாப்பதா, மூணா? எதைக் குடுத்தாலும் அது செத்துப்போகுது."

கோமதி அவர் கையிலிருந்த தாள்கட்டை வாங்கிக்கொண்டார்.

"ஞாயித்துக்கிழமை நான் நடத்துதேன். உங்க ஆட்களையே கூட்டிட்டு வாங்க. நீங்களும் ஒரு ஆளா உக்காருங்க."

ஞாயிறு வந்தது. தையல்கடை காஜா மைதீன் தன் நகலோடு வந்து உட்கார்ந்தார். நர்ஸ் செலின் வெறுங்கையோடு வந்தார்.

"உங்க நகல் எங்க?" என்றார் கோமதி.

"மூணாம் பக்கத்துல தூங்கிட்டேன் டீச்சர். அண்ணாச்சி கோவிச்சுக்காதீங்க."

"நான் மூணு தரம் வாசிச்சேன்," என்றார் கோமதி. "ரெண்டு நாளா வாளித் தண்ணிக்குள்ள கை விடவே யோசனையா இருக்கு. இப்படி எழுத எனக்கு வராது."

மாசிலாமணி மேசையைப் பார்த்தார். காது சிவந்திருந்தது.

கோமதியின் முன்னால் தாள் ஒன்றும் இல்லை. பகடை மட்டும் இருந்தது.

"காலைல எந்திரிக்கீங்க. மழை இல்லை. வீட்டு முத்தம் காஞ்சு கிடக்கு. வாசல்ல கிடக்கிற செருப்புல ஒண்ணு மட்டும் ஈரமா இருக்கு."

"மடைமூக்கன்," என்றார் காஜா. பக்கங்கள் புரண்டன. "பதினேழாம் பக்கம். அது வந்துபோன வீட்டில் ஒரு செருப்பு மட்டும் நனைந்திருக்கும். ஏனென்றால் அதற்கு ஒரே கால்."

"சரிதான்," என்றார் கோமதி. "யாரு செருப்பு?"

காஜா அடுத்த பக்கத்தைப் பார்த்தார். அதற்கடுத்ததையும் பார்த்தார்.

"அது இதுல இல்லையே."

எல்லோரும் மாசிலாமணியைப் பார்த்தார்கள். அந்தச் செருப்பின் தோல், அதில் நின்ற தண்ணீரின் அளவு, அது காய எடுக்கும் நேரம், எல்லாம் அவருக்குத் தெரியும். அது யாருடையது என்று மட்டும் அவர் நினைத்துப் பார்த்ததே இல்லை.

கோமதி செலின் பக்கம் திரும்பினார்.

"உங்க வீட்டு வாசல். நீங்க சொல்லுங்க."



"அது எங்க அண்ணன் செருப்பு," என்றார் செலின். "கதையில எனக்கு ஒரு அண்ணன் உண்டு. போன வருஷம் குளத்துல போயிட்டான். அம்மா அந்தச் செருப்பை எடுக்க விடலை. அங்கேயேதான் கிடக்கு."

"சரி."

"அது சும்மா மிதிக்கலை டீச்சர். போட்டுப் பாத்திருக்கு. அளவு பாத்துட்டுப் போயிருக்கு."

காஜா தன் நகலை மூடினார்.

"புகை போடலாமா?" என்றார் கோமதி.

"பொறுங்க," என்றார் காஜா. "அம்மாகிட்ட கேக்காம போட வேண்டாம்."

மேசையில் யாரும் சிரிக்கவில்லை. கோமதி பகடையை மாசிலாமணியிடம் நீட்டினார்.

"உங்க முறை அண்ணாச்சி."

அவர் வாங்கிக்கொண்டார். உருட்டவில்லை. எட்டு வருஷம் அந்தப் பூதத்தோடு இருந்தவர், செலினையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்புறம்?" என்றார்.

கலையும்போது செலின் அவரிடம் நகல் கேட்டார். "முன்னாடி ஒண்ணு குடுத்தேனே?" என்றார் மாசிலாமணி. "அதைக் குழந்தை கிழிச்சிருச்சு அண்ணாச்சி. இந்த வாட்டி முழுசா வாசிக்கேன்."

செவ்வாய்க்கிழமை கட்டு அச்சகத்துக்குப் போனது. எத்தனை பக்கம் என்று அவர் டீச்சரிடம் மறுபடி கேட்கவில்லை.

மதியம் அச்சகத்திலிருந்து ஜெபராஜ் போன் செய்தார்.

"சார், பதினேழாம் பக்கத்துல செருப்பு வரியோட நிக்குது. அதுக்குக் கீழ ஒண்ணுமே இல்லை. அரைப் பக்கம் விட்டுப்போச்சு."

"விட்டுப்போகலை. அப்படியே அடிங்க."

"ஒரு செருப்பு ஈரமா இருந்துச்சுன்னா, யாரோடதுன்னு போட வேண்டாமா சார்?"

மாசிலாமணி திருப்பிக் கேட்டார்.

"உங்க வீட்டு வாசல்ல யாரு செருப்பெல்லாம் கிடக்கு ஜெபராஜ்?"

மறுமுனையில் நாற்காலி பின்னால் நகரும் சத்தம் கேட்டது. பிறகு, வாசலை நோக்கிப் போகும் காலடி.