சுண்ணாம்பு நிற்காத சுவர்

“தாயே, என் வீட்டுச் சுவர்ல சுண்ணாம்பு நிக்க மாட்டேங்குது.”

மலையடிவாரப் பாறையில் உட்கார்ந்திருந்த துறவி கண்ணைத் திறந்தாள். வயதில் சடையாண்டிக்கு மகள் போல இருப்பாள். ஆனாலும் அவர் அவளுக்குத்தான் சீடர்.

“எப்படிப் பூசினீங்க?”

“கடுக்காய் ஊறின தண்ணியில சாந்து குழைச்சேன். வெல்லம் போட்டேன். சுவரை நனைச்சுத்தான் பூசினேன். காலையில பார்த்தா பூவாட்டம் உதிர்ந்து கிடக்கு.”

“வெல்லமா? எறும்பு வாழ்த்தியிருக்கும்.”

அவர் சிரிக்கவில்லை.

ஈரச் சுவரோரம் படுத்துப் படுத்து அவர் மனைவிக்கு இருமல் பிடித்திருந்தது. சுவர் காய்ந்தால் ஆள் அனுப்பு, வருகிறேன் என்று சொல்லிவிட்டுத் தன் தங்கை வீட்டுக்குப் போனவள். இன்னும் வரவில்லை.

“சுண்ணாம்பு வித்தவன் ஏமாத்திட்டான். இல்லைன்னா மண்ணுல உப்பு. அதுவும் இல்லைன்னா எவன் கண்ணோ பட்டிருக்கு.”

துறவி எழுந்தாள்.

ஊருக்குள் பனிமூட்டமாய் மஞ்சு இறங்கியிருந்தது. வீடுகள் இருக்கின்றனவா இல்லையா என்றே தெரியவில்லை. தூறல் விழும் சத்தம் மட்டும் எங்கிருந்தோ வந்தது.

அவர் வீட்டுக்குள் போனதும் அவள் அந்த மண்சுவரில் கன்னத்தை வைத்துக் கண்ணை மூடினாள்.

நெடுநேரம் அப்படியே நின்றாள். தூங்கிவிட்டாளோ என்று அவருக்குச் சந்தேகம் வந்தது.

“இந்தச் சுவருக்கு எத்தனை பக்கம்?”

“ஒண்ணு.”

“ஒண்ணா?”

“அந்தப் பக்கம் என்னோடது இல்ல. பாகம் பிரிக்கையில சினைப்பசுவை ஓட்டிக்கிட்டுப் போனானே என் தம்பி, அவனோடது.”

“பசு எப்படி இருக்கு?”

“அது செத்து எத்தனையோ வருஷமாச்சு.”

“கன்னு?”

“அதுவும்தான்.”

அவள் சாந்து வாளியைத் தூக்கிக்கொண்டு வெளியே நடந்தாள்.

“தாயே, வேலை இங்க இருக்கு!”

அவள் திரும்பவில்லை. வாளி அவருடையது. பின்னால் போனார்.

வீட்டோர முடுக்குச் சந்து வந்தது. பாகம் பிரித்த பிறகு அவர் அதைத் தாண்டியதில்லை. அந்த வீட்டுப் பேச்சை எடுத்தவர்களிடம் சண்டைக்குப் போவார். அதனால் யாரும் எடுப்பதில்லை. மஞ்சு சுண்ணாம்புத் தண்ணீர் மாதிரி நின்றது. தன் கால்களே அவருக்குத் தெரியவில்லை. வேறு யாரோ காணும் கனவுக்குள் நடப்பது போலிருந்தது.

அந்தப் பக்கம் கூரை இல்லை.

விழுந்து வெகுகாலம் ஆகியிருக்க வேண்டும். உள்ளே ஒரு வேப்பங்கன்று ஆளுயரம் வளர்ந்திருந்தது. அதன் அடியில், கட்டிலில், தம்பி கொம்பையா நனைந்துகொண்டு உட்கார்ந்திருந்தான்.

சரிந்த கூரையில் மிஞ்சிய ஓலை, கிழிந்த பாய், கோணிச் சாக்கு, கழற்றிய கதவு எல்லாம் அந்தப் பொதுச்சுவரின் மேல் சாய்த்து வைக்கப்பட்டிருந்தன. அவன் உடம்பில் இருந்ததைவிடச் சுவரின் மேல் துணி அதிகம்.

“எதுக்குடா இதெல்லாம்?”

“மதினி இருமுறது கேட்டுச்சு.”

சடையாண்டி சுவரைத் தொட்டார். ஓலையைத் தாண்டி நீர் இறங்கிக்கொண்டிருந்தது.

“இப்பக் கேக்கலையே. தேவலையா?” என்றான் கொம்பையா.

சடையாண்டி நழுவிய பாயை இழுத்துச் சுவரில் சரியாகச் சாய்த்தார்.

கொம்பையா வாளியை எட்டிப் பார்த்தான். “சுண்ணாம்பை வச்சு என்ன செய்ய? முதல்ல மேல ஓலை போடணும். ஏற எனக்கு முழங்கால் இல்ல.”

“எனக்கு மட்டும் இருக்காக்கும்?” என்றார் சடையாண்டி, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டே.